ஞாயிறு, ஒரே நாள், ஊட்டி: மூட்டுவலி உள்ள மாமனாரைக் கூட்டத்தில் மாட்டாமல் கூட்டிட்டுப் போய் வர வழி சொல்லுங்க

பின்னல்நகரம் | ஏப்ரல் 22, இரவு 10:05

வணக்கம்ங்க. திருப்பூர்ல இருந்து எழுதறேன். என் மாமனாருக்கு 74 வயசு. கல்யாணமான புதுசுல, 1977-ல, மாமியாரோட ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் போய் எடுத்த கறுப்பு வெள்ளை போட்டோ இன்னும் அவர் பர்ஸ்ல இருக்கு. மாமியார் தவறி ரெண்டு வருசம் ஆகுது. போன வாரம் சாப்பிட்டுட்டு இருக்கும்போது, "அந்தப் புல்வெளியை ஒருக்கா பாத்துட்டு வந்துரலாமா?"ன்னு கேட்டார். எனக்குக் கல்யாணம் ஆகி 12 வருசத்துல எனக்கு இது வேணும்னு அவர் வாய் திறந்து கேட்டது இதுதான் முதல் தடவை.

எங்கூட்டுக்காரர் பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை சம்பள நாள், லீவு கேக்கவே முடியாது. ஞாயிறு மட்டும்தான் கையில இருக்கு. திங்கள் காலைல வேலைக்குப் போகணும், அதனால தங்கவும் முடியாது. மாமாவுக்கு ரெண்டு மூட்டும் தேய்மானம், 10 நிமிசத்துக்கு மேல நிக்க மாட்டார். பசங்களுக்கு 9 வயசு, 5 வயசு. சொந்தக் கார். மே 4-ந் தேதி போலாம்னு இருக்கோம்.

ரெண்டு வருசம் முன்ன நாங்க மட்டும் போயிருந்தோம். காலைல 8 மணிக்கு நிதானமா சாப்பிட்டுக் கிளம்பினோம். பர்லியாறு தாண்டினதும் வண்டி ஊர ஆரம்பிச்சது. ஊட்டி சேர மதியம் ஒன்றரை. படகுக்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்கு ஒரு வரிசை, பாத்ரூமுக்கு அதைவிட நீளமா ஒரு வரிசை. சின்னவன் அழுதுட்டே தூங்கிட்டான். அந்த மாதிரி ஒரு நாளை மாமாவுக்குக் குடுக்க மனசு வரலை. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

சாமளாபுரம் | ஏப்ரல் 22, இரவு 10:31

மே மாச ஞாயிறு வேண்டாம்க்கா. ஜூலைக்குத் தள்ளி வைங்க, ஊரே காலியா இருக்கும்.

குன்னூர்வாசி | ஏப்ரல் 22, இரவு 11:02

ஜூலைல காலியா இருக்கிறதுக்குக் காரணமே மழைதான். தென்மேற்குப் பருவமழைல மரம் விழுறதும் மண் சரியுறதும் எங்களுக்கு வருசா வருசம் நடக்கறது. மூட்டுவலிக்காரருக்கு அந்த ஈரக் குளிர் ஆகவே ஆகாது. தள்ளிப் போடறதா இருந்தா செப்டம்பர் கடைசி, இல்லேன்னா ஜனவரி பொங்கல் கழிஞ்ச பிறகு. ஆனா 74 வயசுக்காரர் ஆசைப்பட்டுக் கேட்டதை ஆறு மாசம் தள்ளி வைங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

கல்லாறு டிரைவர் | ஏப்ரல் 23, காலை 5:50

தங்கச்சி, மேட்டுப்பாளையத்துல 23 வருசமா டாக்ஸி ஓட்டறேன். மே ஞாயித்துக்கிழமையிலயும் வரிசையில நிக்காம ஊட்டி பாக்கலாம். கூட்டம் எப்ப எங்க இருக்கும்னு தெரிஞ்சாப் போதும், அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு.

மேட்டுப்பாளையம் பவானி பாலத்துல காலைல 7 மணிக்கு வண்டி சேர ஆரம்பிக்கும். எட்டரைக்கு மேல வந்தவங்க மலை ஏறலை, மலைல நிக்கறாங்கன்னுதான் சொல்லணும். அந்த வண்டிகள் 11 மணில இருந்து ஊட்டிக்குள்ள இறங்கும். 11-ல இருந்து 4 வரைக்கும் கார்டன், லேக், தொட்டபெட்டா மூணும் நிரம்பியிருக்கும். 4 மணிக்கு அத்தனை பேரும் ஒண்ணாக் கிளம்புவாங்க. இருட்டினதுக்கு அப்புறம் கீழ வந்து சேருவாங்க. உங்களுக்கு ரெண்டு வருசம் முன்ன நடந்தது இதேதான்.

இதுக்கு நேர் எதிரா ஒரு நாளை வைங்க. அவங்க ஏறும்போது நீங்க பாத்து முடிச்சிருக்கணும். அவங்க சாப்பிட உக்காரும்போது நீங்க இறங்கிட்டு இருக்கணும்.

ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் போகணும்னு ராத்திரி 3 மணிக்கு மலை ஏறிராதீங்க. கல்லாறு, பர்லியாறு பக்கம் பலாப்பழ சீசன் தொடங்கிருச்சு, யானை ரோட்டுக்கு வரும். வெளிச்சம் லேசா வர ஆரம்பிக்கிற அஞ்சரை மணிக்குக் கல்லாறுல இருந்தாப் போதும். ஏழரைக்கு ஊட்டி.

மைசூர்த்தமிழன் | ஏப்ரல் 23, காலை 8:15

டிரைவர் அண்ணன் சொன்ன 11 மணிக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பந்திப்பூர் காட்டு ரோட்டை இரவு 9-ல இருந்து காலை 6 வரைக்கும் மூடிருவாங்க. 2009-ல இருந்து இந்தத் தடை இருக்கு. கர்நாடகாவுல இருந்து வர்ற நாங்க எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் அந்த கேட்டுல 6 மணிக்குக் காத்து நிக்கணும். கேட் திறந்து முதுமலை, கூடலூர் சுத்தி, வழியில டீ குடிச்சு ஊட்டி சேரும்போது 10 ஆயிரும். அதே நேரத்துக்குத்தான் நாடுகாணி வழியா கேரளா வண்டிகளும் கூடலூர்ல வந்து சேரும். ஆக ஊட்டிக்கு ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒரே நேரத்துல கூட்டம் வருது. 10 மணிக்கு முன்னால ஊட்டில இருக்கறவங்க பெரும்பாலும் முந்தின நாளே வந்து தங்கினவங்க. அவங்க அந்நேரம் லாட்ஜ்ல இட்லி சாப்பிட்டுட்டு இருப்பாங்க.

குன்னூர்வாசி | ஏப்ரல் 23, காலை 9:40

என் யோசனை: ஊட்டியை விட்டுருங்க. குன்னூர் சிம்ஸ் பார்க் 1874-ல போட்ட தோட்டம், ஊட்டி கார்டன் அளவுக்குக் கூட்டம் வராது. பாத்துட்டு அப்படியே கோத்தகிரி போய், அங்கிருந்து கீழ இறங்கிருங்க. ஊட்டி ரோட்டுப் பக்கமே போக வேண்டாம்.

இதை எங்க ஊர் கஷ்டத்துக்காகவும் சேர்த்துத்தான் சொல்றேன். சீசன் ஞாயிறுல எங்கம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போக வெலிங்டன்ல இருந்து ஊட்டிக்கு ரெண்டரை மணி நேரம் ஆயிருக்கு. சாதாரண நாள்ல 40 நிமிசம். ஆம்புலன்ஸ் பின்னால சைரன் அடிச்சிட்டே நிக்கும், விலக யாருக்கும் இடம் இருக்காது. வர்றவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஒரே ரோட்டுல ஒரே நேரத்துல எல்லாரும் வர்றதுதான் பிரச்சினை.

பின்னல்நகரம் | ஏப்ரல் 23, மதியம் 1:20

அக்கா, அம்மா விஷயம் படிச்சு மனசுக்குக் கஷ்டமாயிருச்சு. இப்ப எப்படி இருக்காங்க?

சிம்ஸ் பார்க் யோசனை எனக்குப் பிடிச்சது. ஆனா மாமா கேட்டது அந்தப் புல்வெளி. வேற எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் நல்லா இருக்குன்னு சொல்லுவார், எனக்காக. அதனால கார்டன் மட்டும் கட்டாயம். மத்ததெல்லாம் விட்டுறலாம். லேக் வேண்டாம், தொட்டபெட்டா வேண்டாம்.

கல்லாறு டிரைவர் | ஏப்ரல் 23, மதியம் 2:45

"மத்ததெல்லாம் விட்டுறலாம்"னு எப்ப சொன்னீங்களோ அப்பவே பாதிக் கூட்டம் குறைஞ்சு போச்சு தங்கச்சி. ஒரு நாள்ல அஞ்சு இடம்னு பட்டியல் போட்டு வர்றவங்களை நான் தினமும் ஏத்திட்டுப் போறேன். அவங்க பாக்கறது அஞ்சு பார்க்கிங்தான்.

இப்படிச் செய்யுங்க. திருப்பூர்ல 3:45-க்குக் கிளம்பி அவிநாசி, அன்னூர் வழியா வாங்க. 5:15-க்கு மேட்டுப்பாளையம். அங்க நிறுத்தி டீ குடிச்சிட்டு, பசங்களை பாத்ரூம் கூட்டிட்டுப் போயிருங்க, மலைல தேட வேண்டாம். அஞ்சரைக்கு கல்லாறு செக்போஸ்ட். குன்னூர்ல நிக்காம நேரா ஊட்டி. கார்டன் காலைல 7 மணிக்கே திறந்துரும். ஏழரைக்குப் போனா வாசல் பக்கத்துலயே வண்டி விட இடம் கிடைக்கும், மாமாவுக்கு நடை மிச்சம். 10 மணிக்கு, எவ்வளவு நல்லா இருந்தாலும், எந்திரிச்சிருங்க.

சீசன்ல மலைப்பாதையை ஒருவழி ஆக்கிருவாங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வழியா ஏறணும், ஊட்டில இருந்து கோத்தகிரி வழியா இறங்கணும். நிறையப் பேர் இதைச் சுத்துன்னு சலிச்சுக்குவாங்க. உங்களுக்கு இது வரம். கோத்தகிரி ரோடு காலைல காத்தாடும். 11:15-க்குக் கோத்தகிரி போயிரலாம். அங்க சாப்பிட்டு, மாமா கொஞ்சம் சாஞ்சு உக்கார்ந்துட்டு, 1 மணிக்கு இறங்க ஆரம்பிச்சா ரெண்டேகாலுக்கு மேட்டுப்பாளையம். அந்நேரம் ஊட்டில கார்டனுக்குள்ள போக ஆள் வரிசை நிக்கும்.

அன்னூர் வாசகர் | ஏப்ரல் 23, மாலை 6:10

இ-பாஸ் பத்தி யாரும் சொல்லலையே. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி வர இ-பாஸ் (ஆன்லைன்ல எடுக்கற அனுமதிச் சீட்டு) கட்டாயம். 2025 ஏப்ரல் 1-ல இருந்து எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்திருச்சு. நீலகிரிக்குள்ள வார நாள்ல ஒரு நாளைக்கு 6,000 வண்டி, வார இறுதில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஞாயிறு போறதா இருந்தா இன்னைக்கே எடுத்துருங்க. இலவசம்தான், யாருக்கும் காசு குடுக்காதீங்க.

போன மே மாசம் எனக்கு நடந்ததைச் சொல்றேன். வாடகைக்கு வண்டி சொல்லி, அவங்க குடுத்த நம்பர்ல பாஸ் எடுத்து வச்சிருந்தேன். காலைல 4 மணிக்கு வாசல்ல வந்து நின்னது வேற வண்டி. அந்த வண்டி ரிப்பேருங்க, இது அதைவிடப் புதுசுன்னாங்க. செக்போஸ்ட்ல நம்பர் ஒத்துப்போகலை. ஓரமா நின்னு, செல்போன்ல சிக்னல் தேடி, புதுசா பாஸ் எடுத்து முடிக்க ஒரு மணி நேரம். என் பின்னால வந்த 200 வண்டி எனக்கு முன்னால மலை ஏறிருச்சு. ஆகவே வண்டி நம்பரை முந்தின நாள் ராத்திரி ஒருக்கா சரிபாருங்க. க்யூஆர் கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, அப்ப நெட்டை நம்பி நிக்க வேண்டியதில்லை.

பல்சக்கரம் | ஏப்ரல் 23, இரவு 8:30

மலை ரயில்ல கூட்டிட்டுப் போனா மாமாவுக்கு எவ்வளவு சந்தோசமா இருக்கும்! 2005-ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆன ரயில். கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்கிற பல்பட்டையைக் கடிச்சுக் கடிச்சு ஏறும். அந்த "கடக் கடக்"கை காலடில உணரணும்.

ஆனா நேர்மையாச் சொல்றேன், உங்க திட்டத்துக்கு ஆகாது. மேட்டுப்பாளையத்துல காலை 7:10-க்கு எடுக்கிற வண்டி 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி சேர மதியம் 12 ஆயிரும். சரியா உச்சக் கூட்டத்துல இறக்கி விடும். திரும்புற வண்டி 2 மணிக்கே எடுத்துருவாங்க. முன்பதிவு 60 நாளுக்கு முன்னால திறக்குது, மே மாச ஞாயிறு அப்பவே முடிஞ்சு போயிருக்கும். ரயிலை ரயிலுக்காகவே ஒரு நாள் வந்து பாருங்க. ஊட்டியோட சேர்த்து வேண்டாம்.

சாயிபாபாகாலனி | ஏப்ரல் 23, இரவு 9:15

கார் இல்லாதவங்க இந்த இழையைப் படிச்சா அவங்களுக்காக: அரசு பஸ்ல போறவங்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் ரோடு புது பஸ் ஸ்டாண்ட்ல இருந்து விடிகாலைலயே ஊட்டி பஸ் இருக்கு. சீசன்ல ஊட்டிக்குள்ள சுற்றுப் பேருந்தும் விடறாங்க. பார்க்கிங் தேடுற வேலையே இல்லை. நானும் என் தங்கையும் போன வருசம் அப்படித்தான் போனோம், 4 மணிக்கு வீட்டுல இருந்தோம்.

குன்னூர்வாசி | ஏப்ரல் 23, இரவு 10:20

பின்னல்நகரம், அம்மா பரவாயில்லைம்மா. கேட்டதுக்கு நன்றி.

புல்வெளிதான்னு முடிவாயிருச்சுன்னா சில விஷயம் கேட்டுக்கோ. கார்டன் மேல மேல படி படியா போகும், மொத்தம் 22 ஹெக்டேர். மாமாவை மேல கூட்டிட்டுப் போக வேண்டாம். வாசல்ல இருந்து உள்ள போனதும் கீழயே பெரிய புல்வெளி, பெஞ்சு இருக்கு. ஆனா காலைல பனி இறங்கி பெஞ்சு நனைஞ்சிருக்கும். ஒரு பழைய துண்டும், மடிச்சு உக்கார ஒரு போர்வையும் கொண்டு வா. மே மாசம்னு ஏமாந்துறாதே, ஏழரை மணிக்கு ஸ்வெட்டரும் மஃப்ளரும் வேணும். குளிர்ல மூட்டு இறுகும், அதனால வண்டில இருந்து இறங்கினதும் நடக்க வைக்காதே. அஞ்சு நிமிசம் காலை நீட்டி மடக்கட்டும்.

தண்ணி வீட்டுல இருந்தே எவர்சில்வர் பாட்டில்ல கொண்டு வந்துரு. ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரில தடை, செக்போஸ்ட்ல எடுத்துருவாங்க, அங்க ஒரு நேரம் போகும். காலைச் சாப்பாட்டையும் கட்டிட்டு வா. இட்லியும் பொடியும் போதும். சாப்பாட்டு வரிசையே இல்லாமப் போயிரும்.

பின்னல்நகரம் | மே 5, இரவு 9:30

எல்லாருக்கும் நமஸ்காரம். போயிட்டு வந்துட்டோம். எழுதாம விட்டா தப்பு, அதனால பசங்க தூங்கினதும் உக்கார்ந்திருக்கேன்.

3:45-ன்னு சொன்னது 4:05 ஆயிருச்சு, சின்னவனை எழுப்ப முடியலை. மேட்டுப்பாளையத்துல டீயைக் கையோட வாங்கிட்டு வண்டில ஏறி அதைச் சரி பண்ணினோம். கல்லாறுல எங்களுக்கு முன்னால ஏழெட்டு வண்டிதான். க்யூஆரைக் காட்டினோம், ஒரு நிமிசம்கூட ஆகலை. பர்லியாறு தாண்டி ஒரு வளைவுல பெரியவன் வாந்தி எடுத்தான், அங்க 10 நிமிசம். நிறுத்தின இடத்துல குயில் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு வருசம் முன்ன அதே இடத்துல ஹாரன் சத்தம் மட்டும்தான்.

7:50-க்குக் கார்டன் வாசல். வண்டிக்கு இடம் இருந்தது. டிக்கெட்டுக்கு என் முன்னால நாலு பேர்.

உள்ள போனதும் மாமா நின்னுட்டார். நான் கால் வலின்னு நினைச்சுப் பிடிக்கப் போனேன். இல்லை. போட்டோவைக் கைல எடுத்து வச்சு, மேல இருக்கிற மரத்தைப் பாத்து, கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து, மறுபடி போட்டோவைப் பாத்து, இன்னும் ரெண்டு அடி பின்னால வந்தார். "இங்கதான்"னார். குன்னூர் அக்கா சொன்ன துண்டால பெஞ்சைத் துடைச்சு, போர்வையை மடிச்சுப் போட்டு உக்கார வச்சோம். புல்லு மேல பனி வெள்ளையா இருந்துச்சு. தோட்டக்காரங்க ரெண்டு பேர் பாத்தி கிளறிட்டு இருந்தாங்க, அந்த மண் வாசம் எங்க பெஞ்சு வரைக்கும் வந்துச்சு. பசங்க ஓடினாங்க, யார் மேலயும் மோத அங்க ஆளே இல்லை. மாமா ஒரு மணி நேரத்துக்கு மேல அப்படியே உக்கார்ந்திருந்தார். மாமியார் அன்னைக்கு மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தாங்களாம், கறுப்பு வெள்ளைல தெரியலைன்னு சொன்னார். இட்லி சாப்பிட்டார். மூணு.

10 மணிக்கு எந்திரிக்கணும்னு அண்ணன் சொன்னது 10:20 ஆச்சு. அந்த 20 நிமிசத்துக்குள்ள வாசல் மாறிப் போயிருந்தது. டிக்கெட் வரிசை வெளிய ரோட்டு வரைக்கும் வந்திருச்சு. சேரிங் கிராஸ் பக்கம் எதிர் வண்டிகள் ஒட்டி ஒட்டி நின்னுட்டு இருந்துச்சு.

ஒரு தப்பு பண்ணினோம். தொட்டபெட்டா பிரிவு வந்ததும் பெரியவன் கெஞ்சினான், எங்கூட்டுக்காரரும் பக்கம்தானேன்னு திருப்பிட்டார். உள்ள போய் 25 நிமிசம் ஒரே இடத்துல நின்னோம். மாமாதான் சொன்னார், "திருப்பிருப்பா, நான் பாக்க வந்ததைப் பாத்துட்டேன்"னு. திருப்பிட்டோம்.

கோத்தகிரில ஒரு சின்ன மெஸ்ல சாப்பிட்டோம், எங்களைத் தவிர ரெண்டு மேசைதான். இறங்கும்போது எங்கூட்டுக்காரர் செகண்ட் கியர்லயே வந்தார். முன்னால போன ஒரு வண்டில பிரேக் தீயுற வாசம் வந்து, ஓரம் கட்டி நின்னுட்டாங்க. மேட்டுப்பாளையம் 3:05. வீடு நாலரை. எங்கூட்டுக்காரர் 8 மணிக்கே தூங்கி, காலைல வேலைக்குப் போயிட்டார்.

கல்லாறு டிரைவர் | மே 6, காலை 5:40

செகண்ட் கியர்ல வந்தாருன்னு படிச்சதும் நிம்மதி தங்கச்சி. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு இறங்குறவங்களை நான் வாரத்துக்கு ரெண்டு பேராவது பாக்கறேன். பிரேக் வாசம் வந்தவங்க நின்னது சரி. அரை மணி நேரம் ஆறட்டும், சூட்டு மேல தண்ணி ஊத்தக் கூடாது.

கோபி அம்மா | மே 6, காலை 11:15

நாங்களும் இதே மாதிரி போலாம்னு இருக்கோம், 18-ந் தேதி ஞாயிறு. எங்கம்மாவுக்கு 70.

குன்னூர்வாசி | மே 6, காலை 11:50

18-ந் தேதி மலர்க் கண்காட்சி நடக்கிற நேரம்மா. அன்னைக்குக் காலைல ஏழரைக்கே கார்டன்ல கூட்டம் இருக்கும், இந்தத் திட்டம் எடுபடாது. கண்காட்சிதான் பாக்கணும்னா வார நாள்ல வாங்க. அம்மாவுக்கு ஊட்டி பாத்தாப் போதும்னா ஜூன் முதல் வாரத்துக்குள்ள ஒரு செவ்வாய், புதன் பாருங்க. மழை தொடங்கிருச்சான்னு முந்தின நாள் இங்க ஒரு வரி கேளுங்க. நான் ஜன்னல் வழியா பாத்துச் சொல்றேன்.